அவரைப் பந்தலில் முப்பத்தொரு கொலைகள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கொலைகளைச் செய்தது நான்தான். போன தை மாதம், என் வீட்டுக் கத்தரிச்செடியில். பழியைத் தூக்கி டெய்சி தலையில் போட்டுவிட்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி உண்டு.

2

தருமபுரத்தின் மாலைப்பொழுதில் தென்றல் தவழ்ந்து

(அடித்துவிட்டேன். தென்றலுக்கு இங்கே வேலையில்லை.)

டெய்சி தருமபுரத்துக்காரி, தாலுக்கா ஆபீஸில் எழுத்தர். மகள் ஜெனிட்டா நர்சிங் பாஸானால் மாடித்தோட்டத்து அவரையின் முதல் காய்ப்பு முழுக்க மாதா கோயிலுக்கு என்று பொருத்தனை செய்திருந்தாள். ஜெனிட்டா பாஸாகிவிட்டாள். அவரைதான் ஃபெயில். கொழுந்தெல்லாம் சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது.

நடுவே முதலைக்குட்டி மாதிரி ஒரு புழு, கன்னங்கரேலென்று, முதுகில் ஆரஞ்சுத் திட்டோடு. திருடன் இவன்தான் என்று டெய்சி முடிவுகட்டினாள். பொறுக்கிப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். நாலு நாளில் முப்பத்தொன்று. அசுவினியோ திருவிழாக் கூட்டமாகப் பெருகியது.

(முப்பத்தொன்று அதிகம் என்று நினைக்கிறீர்களா? என் கணக்கை நான் சொல்லப்போவதில்லை.)

3

வெள்ளிக்கிழமை, முப்பத்திரண்டாவதைத் தீப்பெட்டியில் அடைத்து ஆபீஸுக்குக் கொண்டுபோனாள். இங்கே ஒரு பூச்சி விஞ்ஞானியை நுழைக்கப் பார்த்தேன். டெய்சிக்கு விஞ்ஞானி யாரையும் தெரியாது. பக்கத்து மேசை திரிபுரசுந்தரியைத்தான் தெரியும். விழிதியூரில் விவசாயக் குடும்பம்.

"அக்கா, இது பொறிவண்டோட புழுக்கா! அசுவினியத் திங்கிறதே இதுதான். வயல்ல இதப் பாத்தா எங்கப்பா மருந்தே அடிக்க மாட்டாரு."

"பொறிவண்டு உருண்டையா, செவப்பா, அழகா இருக்குமேடி?"

"அது வளந்தப்புறம். மத்ததெல்லாம் எங்கக்கா?"

டெய்சிக்கு அழுகை வந்துவிட்டது. போலீஸை வாளியில் முக்கிவிட்டுத் திருடனுக்குப் பந்தி பரிமாறியிருக்கிறாள்.

4

மன்னிப்புக் கேட்காமல் மிச்சமிருந்த ஒன்றைச் செடியில் விட அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டியோடு கோயிலுக்குப் போய், பங்குச் சாமியார் சவரிநாதனிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டாள்.

"சாமி, நான் முப்பத்தொரு

(இதற்குமேல் எழுத எனக்கு அனுமதியில்லை. பாவசங்கீர்த்தன ரகசியம் கதாசிரியருக்கும் பொருந்தும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் குரலில் ஒரு "ஐயையோ!" மட்டும் கேட்டது.)

5

சாமியார் வெளியே வந்தார். வரிசையில் நின்ற ஏழு பாவிகளை அப்படியே விட்டுவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயில் தோட்டத்து ரோஜாச் செடிகளிடம் ஓடினார். அங்கேயும் ஒரு வாளி, அதிலும் சோப்புத் தண்ணீர். எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ரோஜாக் கொழுந்தில் அசுவினிக்கு இடமே போதவில்லை.

டெய்சி பின்னாலேயே வந்து நின்றாள். உள்ளே கேட்டதைச் சாமியார் வெளியே பேசக்கூடாது. அதனால் தென்னைமரத்தைப் பார்த்துப் பேசினார்:

"மாதா பீடத்துக்கு வைக்க ஒரு பூ இல்ல. யாருகிட்டயாவது... ஏதாவது ஒண்ணு... உசுரோட இருந்தா நல்லாருக்கும்."

டெய்சி தீப்பெட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பொருத்தனை இருக்கு சாமி," என்றாள், அதே தென்னைமரத்திடம்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில், புதுச்சேரியிலிருந்து பொறிவண்டுகள் பஸ் பிடித்து வருகின்றன. இன்னொன்றில், சாமியார் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மூன்றாவதில் டெய்சி பெட்டியைத் திறந்து

இல்லை, என்னால் முடியாது. என் கை ஏற்கெனவே சோப்புக் கை. இந்தாருங்கள், தீப்பெட்டியை நீங்களே பிடியுங்கள். அவரையா, ரோஜாவா? சீக்கிரம் சொல்லுங்கள். உள்ளே இருப்பது நேற்றிலிருந்து பட்டினி.