ஐந்தரைக் கட்டைச் சிங்கம்

ராஜபார்ட் குஞ்சிதபாதம் பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்றில் தன் சரித்திரத்தை எழுத ஆரம்பித்தாலும் ஆரம்பித்தார், ஆம்பூரில் வியாழக்கிழமை என்றால் யாருக்கும் வேலை ஓடவில்லை. ரயிலில் பத்திரிகை வந்ததும், கலீமுல்லா சாயபுவின் தோல் ஷெட்டில் குமாஸ்தா தானியேல் அதை உரக்கப் படிப்பான். ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்கள் உலக்கையைச் சாத்திவிட்டு வந்து உட்காருவார்கள்.

தானியேல் படிக்கும்போதே கண் கலங்குவான். "எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்று மூக்கை உறிஞ்சுவான். பட்டை இடிக்கிற எல்லம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம். "அந்தாளுக்கு எத்தினி பொண்டாட்டி? அத்தப் படி மொதல்ல" என்பாள். சாயபு வெற்றிலையை மென்றுகொண்டே சிரிப்பார். "அடிச்சு வுட்றான்யா. ஜாஸ்தியாவே அடிச்சு வுட்றான்."

பட்டை மூட்டை தைக்கிற வேலாயுதம் மட்டும் வாய் திறக்க மாட்டான். இருபது வருஷத்துக்கு முன்னால் குஞ்சிதபாதம் நடித்த நாடகக் கம்பெனியில் அவன்தான் ஆர்மோனியம். தன் பேரையும் குஞ்சிதபாதம் அண்ணன் எங்கேயாவது ஒரு வரி எழுதியிருப்பார் என்று வாராவாரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான், பைத்தியக்காரன்.

எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார்.

"ஐந்தரைக் கட்டைச் சுருதிக்குக் கீழே நான் ஒருநாளும் பாடியவனல்ல. ஆம்பூர் முகாமில் மட்டும், வேலாயுதம் என்னும் குடிகார ஆர்மோனியக்காரன் போதையில் மூன்றரைக்கு இறக்கி என்னைச் சபையில் கெடுத்தான். அன்றே அவனை விரட்டினேன்."

தானியேல் படிப்பதை நிறுத்தினான். எல்லாத் தலையும் மூட்டைகளின் பக்கம் திரும்பியது.

"நீயாய்யா அது?" என்றான் தானியேல், என்னமோ வேலாயுதம் கோயில் உண்டியலை உடைத்துவிட்ட மாதிரி.

நடந்தது என்ன தெரியுமா? குஞ்சிதபாதத்துக்கு ஐந்தரை எட்டுவது நல்ல நாளிலேயே இழுபறி. ஆண்குரலுக்கு அது உச்சாணி. முடியாத நாளில் அவர் காதுக் கடுக்கனைத் தொடுவார். ஒரு தடவை தொட்டால் ஒரு கட்டை இறக்கு, இரண்டு தடவை தொட்டால் இரண்டு இறக்கு என்று அர்த்தம். சபைக்குத் தெரியாமல் இறக்கிக் கொடுத்து வேலாயுதம் காப்பாற்றிய நாட்கள் எத்தனையோ! அன்றைக்குச் சளி, இரண்டு தடவை தொட்டார், இவன் இறக்கினான். பாட்டு சப்பென்று போனதால் சபை கூச்சல் போட்டது. கம்பெனி முதலாளி பாய்ந்து வந்ததும், "இவன் குடிச்சிருக்கான்" என்று கை காட்டினார் மகானுபாவர். சொட்டுக் கள் தொடாதவன் வேலாயுதம். பெட்டி படுக்கையோடு ஆம்பூரில் இறக்கிவிட்டுக் கம்பெனி போய்விட்டது.

அதைக்கூட அவன் விழுங்கிக்கொண்டான். ஆனால் பத்திரிகை வந்த மறுநாள், பஜனைக் கோஷ்டித் தலைவர் கோவிந்தசாமி ஆளோடு வந்து, வேலாயுதம் வீட்டிலிருந்த கோஷ்டியின் ஆர்மோனியத்தைத் தூக்கினார் பாருங்கள், அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

"குடிகாரன் கை பட்ட பொட்டிய வெச்சிக்கினு சாமி பேரச் சொல்லக் கூடாது!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினார். அக்கம்பக்கம் முழுக்க வாசலுக்கு வந்தது. இருபது வருஷ மார்கழியும் அந்தப் பெட்டியோடுதான் அவனுக்கு விடிந்திருந்தது.

மனைவி ரங்கம்மாள் அழவில்லை. "அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா இன்னிக்கு இது வருமாய்யா? இப்பயாச்சும் சும்மா இருக்காத" என்றாள்.

வேலாயுதம் சும்மா இருக்கவில்லை. அந்த மாசமே குஞ்சிதபாதம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆம்பூர் வருகிறார் என்று தெரிந்ததும், நேரே தானியேலிடம் போய்க் கைகட்டி நின்றான்.

"நான் பாவி, குமாஸ்தா. அதே மேடையில, அவரோட அதே அஞ்சரையில ஒரே ஒரு பாட்டுக்கு வாசிச்சுட்டு, அவர் கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்கணும்."

தானியேலுக்குப் புல்லரித்துப் போயிற்று. உள்ளூர் ரசிகர்கள் நட்சத்திர நடிகருக்கு மேடையிலேயே பதக்கம் சூட்டுவது வழக்கம். சாயபுவிடம் கெஞ்சிக் கூத்தாடித் தங்கப் பதக்கத்துக்கு ஏற்பாடு செய்தான். 'ஐந்தரைக் கட்டைச் சிங்கம்' என்று அதில் பொறித்தான். கெடுத்தவனே சுருதி கொடுக்க, சிங்கம் பாடிப் பதக்கம் பெறும் என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டினான். சாயபு நோட்டீஸைப் படித்துவிட்டு வேலாயுதத்தை ஏற இறங்கப் பார்த்தார். "கில்லாடிய்யா நீ" என்றார், மெதுவாக.

நாடகத்தன்று கொட்டகை பிதுங்கியது. ஓரத்தில் ஆர்மோனியத்தின் முன் வேலாயுதத்தைக் கண்டதும் குஞ்சிதபாதத்தின் முகத்தில் அரிதாரத்தையும் மீறி ஈயாடவில்லை. மறுக்கவும் வழியில்லை. பதக்கம் சாயபுவின் கையில் மின்னியது. ஐந்தரை என்று அவரே எழுதியிருக்கிறார், ஊரே படித்திருக்கிறது.

வேலாயுதம் ஐந்தரையில் சுருதியை வைத்தான். பல்லவி எப்படியோ தப்பியது. அனுபல்லவியில் மேலே ஏறியபோது குரல் கிழிந்தது. தானியேல் அதைப் பக்தியின் உருக்கம் என்று நினைத்துக்கொண்டு, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினான். கொட்டகையே சேர்ந்து கத்தியது. மறுபடி ஏறினார், மறுபடி கிழிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

குஞ்சிதபாதத்தின் கை கடுக்கனுக்குப் போனது. தொட்டார். இன்னொரு தடவை தொட்டார்.

பழக்க தோஷம், வேலாயுதத்தின் விரல்கள் தாமாகவே கீழே நழுவப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தரையிலேயே அழுத்தினான். அப்பா! இருபது வருஷம் கழித்து அந்த ஒரு அழுத்து என்ன சுகமாயிருந்தது!

நடிப்பதுபோல் நகர்ந்து வந்து குனிந்தார் ராஜபார்ட். "வேலு, இறக்குடா. பத்திரிகையில மாத்தி எழுதிடறேன்."

"காதுல வுழலண்ணே" என்றான் வேலாயுதம், கொட்டகைக்கே கேட்கும்படி. "இன்னா பண்ணணும்? சத்தமா சொல்லுங்க."

"ஒன்ஸ் மோர்!" என்று கூட்டம் தரையை உதைத்தது.

"இறக்குடா பாவி!" என்று அலறிவிட்டார் குஞ்சிதபாதம்.

கொட்டகை அடங்கியது. வேலாயுதம் கட்டையிலிருந்து கையை எடுத்தான்.

"எத்தினிக்கு எறக்கணும்ண்ணே?"

"மூணரைக்கு."

"அன்னிக்கும் இதத்தானே கேட்டீங்க?"

எல்லம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எழுந்த சிரிப்பு ரயிலடி வரைக்கும் கேட்டதாம். சாயபு பதக்கத்தை ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார். தானியேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வேலாயுதம் மூன்றரையில் சுருதியை வைத்து, மிச்சப் பாட்டு முழுவதையும் அவரைப் பாடவைத்த பிறகுதான் எழுந்தான். காலில் விழவில்லை.

மறுநாள் காலையில் கோவிந்தசாமி ஆர்மோனியத்தோடு வந்து நின்றார். "தப்பா நெனச்சுட்டோம்ப்பா. உள்ள வெச்சுடட்டுமா?" என்று கிசுகிசுத்தார்.

வேலாயுதம் வாசற்படியில் குறுக்கே நின்றான்.

"நடுத்தெருவுக்குப் போங்க. அன்னிக்கு எங்க நின்னு கத்துனீங்களோ, அங்கியே நில்லுங்க. வேலாயுதம் குடிகாரன் இல்லன்னு கத்துங்க, அஞ்சரைக் கட்டையில."