காற்புள்ளிக்காரன்

வலது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், தோளைத் தூக்கிப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோதும் இவன் வளைந்து கொடுத்தவன் இல்லை.

“பின்பக்கம் கத்தரிச்சு மேல போத்திடலாம்மா. முன்னாடி நின்னு பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார் பிணவறை ஊழியர்.

“கத்தரிக்க வேணாம். இன்னொரு தடவ தூக்குங்க.”

எப்படியோ நுழைந்தது. நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் குளியலறையிலேயே சரிந்துவிட்டான். இதயம் என்றார்கள். நாற்பது வயதுக்காரனுக்கு இதயமாம்.

வெளியே காத்திருப்பு அறையில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடையில் துணி கிழித்தே ஆயுளைக் கழித்தவர். அவர் பக்கத்தில் தம்பியின் மேலாளர். கொண்டுவந்திருந்த மலர் வளையத்தில் கம்பெனியின் பெயர் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. தம்பியின் பெயர் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல. அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். இல்லாத வலிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் முந்துகிறவர்களை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். மேலாளரின் இந்தச் சோக முகத்துக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படவில்லை.

“எங்களுக்கு அவரு கூட வேலை பாத்தவர் மட்டும் இல்ல சார். குடும்பம்,” என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மேலாளர்.

குடும்பம்! அந்தக் குடும்பம் தம்பிக்கு வைத்திருந்த பெயர் ‘கமா’.

அட்டவணைகளைக் கணினியில் வெறும் எழுத்தாகச் சேமித்து வைக்கிற கோப்புகள் உண்டு. ஓர் ஆளுக்கு ஒரு வரி. பெயர், முகவரி, வயது என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி. அப்படிப்பட்ட கோப்புகளைப் படிக்கவும் எழுதவும், மற்ற கணினி நிரல்கள் எல்லாம் வேண்டும்போது கூப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்கிற மாதிரி ஒரு பொது நிரல் தொகுப்பை வடிவமைப்பதுதான் தம்பியின் வேலை.

“காற்புள்ளி வந்தா வெட்டு. அவ்வளவுதானே? இதுக்கா உனக்குச் சம்பளம்?” என்று அக்காவே ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தான். “முகவரிக்குள்ளயே காற்புள்ளி இருந்தா? அதுக்காக ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுவாங்க. ஒண்ண மூட மறந்துட்டா வெட்டற இடமெல்லாம் தப்பாயிடும்க்கா. வயசு இருக்க வேண்டிய கட்டத்துல தெருப்பேரு வந்து உக்காந்துக்கும்.”

“உக்காந்தா?”

“நிரல் அங்கயே நின்னுடணும். இந்த வரி கெட்டுப்போயிருக்குன்னு சொல்லணும். நாமளா ஊகிச்சு ஒட்டக் கூடாது.”

மேலாளருக்கு அது ஆகவில்லை. வாடிக்கையாளர் முன்னால் பிழைச்செய்தி வந்தால் அசிங்கமாம். கட்டம் குறைந்தால் நிரப்பி, கூடினால் தள்ளிவிட்டு, ஓசைப்படாமல் ஓடிவிட வேண்டுமாம். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்; மேலாளர் சொன்னபடியே ஆயிற்று. தம்பி வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்தான். ஒரு புள்ளிக்கு வால் முளைத்த விவகாரத்துக்கு இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆம்பிளையை அக்கா அப்போதுதான் பார்த்தாள். உலகத்தில் உனக்கு வேறு துக்கமே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக வந்தது. பிறகு தம்பி வீட்டிலேயே உட்கார்ந்து அதே நிரலை மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார் அப்பா. “எம் பையன் உங்ககிட்ட என்னதான் வேலை பாத்தான்?”

மேலாளர் தொண்டையைச் செருமினார். “அது வந்து... டேட்டா சம்பந்தமா. ஒரு அஸ்திவாரம் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றது கொஞ்சம் கஷ்டம்.”

“உங்களுக்குப் புரியுதா?” என்றாள் அக்கா.

அவர் அது காதில் விழாதவர்போல அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். அவரோட லேப்டாப் வீட்டுல இருக்குமில்லயா? ஒரு ஆஸ்பத்திரி, நம்ம வாடிக்கையாளர். அவங்க நோயாளிப் பட்டியல் கொஞ்சம் குழம்பிப்போச்சு. மருந்து அளவு வர்ற இடத்துல அறை நம்பர் வருதாம். நல்லவேளை, ஒரு நர்ஸ் பாத்துட்டாங்க. அவரு ஏதோ புதுசா எழுதிட்டிருக்கார்னு சொன்னாங்க...”

அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் எதையோ மிதித்துவிட்டுக் குனிந்து பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

“லேப்டாப் வேணாம் சார்.”

சுவரோரம் நின்றிருந்த பெண்தான் சொன்னாள். அலுவலகத்தில் தம்பிக்குப் பக்கத்து மேசைக்காரி. அழுது மூக்கு சிவந்திருந்தது. “எழுதி முடிச்சு, எல்லாம் சோதிச்சுப் பாத்து, உங்க ஒப்புதலுக்குப் போன மாசமே அனுப்பிட்டார். ரெண்டு தடவ ஞாபகப்படுத்தவும் செஞ்சார். நீங்க திறக்கவே இல்ல.”

“எனக்கா அனுப்பினார்?”

“உங்களுக்குத்தான்.”

அப்பா அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். “அப்போ, அவன் சொல்லிட்டிருந்தது சரிதானாம்மா?”

“சரிதான்ப்பா.”

அப்பா தலையை ஆட்டினார். கடையில் மலைபோலத் துணியைப் பிரிக்க வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களைப் பார்த்து ஆட்டுவாரே, அதே ஆட்டல். மேலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அப்பா பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வண்டி வாசல்வரை வந்து நின்றது. குறுக்கே மேலாளரின் கார். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தார். அசைவில்லை.

அக்கா இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே மேலாளர் போனில் வரி வரியாக எதையோ நகர்த்திக்கொண்டிருந்தார். புதிதாக எழுத்துக் கூட்டுகிற பிள்ளைபோல உதடு அசைந்தது. தலையைத் தூக்காமலே ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அவள் திரும்பி வந்தாள்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“இப்பதான் படிக்கிறாரு.”

அப்பா பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“படிக்கட்டும்,” என்றார்.

அக்கா ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.