கையுறை போட்ட பிறகு

இன்றைக்கும் மஞ்சள் வரவில்லை. துர்காதேவி சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கரைசல் வெறும் தண்ணீர் மாதிரி அப்படியே கிடந்தது.

பூச்சிமருந்தின் விஷம் ஒரு பாஸ்பேட் பிணைப்பில் இருக்கிறது. அதை அறுக்கத்தான் துத்தநாகம் பூசிய நுண்துகள்களைச் செய்தாள். சோதனைக்கு, அதே மாதிரிப் பிணைப்புள்ள நிறமற்ற ஓர் உப்பு. பிணைப்பு அறுந்தால் கரைசல் மஞ்சளாகும். போன வருஷம் ஆகத்தான் ஆனது. வழிகாட்டி ஜெபக்குமார் துறை முழுக்க லட்டு கொடுத்தார். கட்டுரையைப் பார்த்த ஆய்விதழ்க்காரர்கள் திரும்பச் செய்து காட்டச் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன். இந்த வாரமும் வராவிட்டால் ஆராய்ச்சிப் பட்டம் கிடையாது.

கத்திரிக்கு மருந்தடித்து மயங்கி விழுந்ததிலிருந்து அப்பா சின்னராசுவுக்குக் கை நடுக்கம். மகள் விஷத்தை முறிக்க வழி கண்டுபிடித்துவிட்டாள் என்று திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு வரை சொல்லி வைத்திருக்கிறார் மனுஷன்.

தம்பி மணி போன் செய்தான். "இன்னாக்கா, வூட்டுக்கு வரியா இல்லியா? அப்பா துன்னாம குந்திகினு கீறாரு."

"வேல கீதுடா," என்று வைத்துவிட்டாள். அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கக் கையுறையைக் கழற்றியவளுக்குச் சுருக்கென்றது.

போன வருஷம் கையுறையே இல்லை. ஸ்டோரில் தீர்ந்துபோய், மாதக்கணக்கில் வெறுங்கையோடுதான் வேலை செய்தாள்.

கழுவிய குழாயில் உப்புக் கரைசலை மட்டும் ஊற்றினாள். துகள் போடவில்லை. வெறும் விரலை விட்டுக் கலக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வருஷம் முழுக்க வா வா என்று கெஞ்சியவள், இப்போது வராதே, வராதே என்று சாமியைக் கும்பிட்டாள்.

வந்தது. அதே எலுமிச்சை மஞ்சள். வியர்வையோடு ஒட்டிவரும் நொதிக்கு அந்தப் பிணைப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. போன வருஷம் அறுத்ததும் துகள் இல்லை, அவள் விரல்.

"வந்துடுச்சா!" ஜெபக்குமார் வாசலிலிருந்தே ஓடிவந்து குழாயை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியும்மா. இது எந்தத் துகள், புதுசா செஞ்சதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. துகள் போட்டால் விஷம் முறிந்துவிடும் என்று நம்பி யாராவது விஷத் தண்ணீரைக் குடித்துவைத்தால்?

"அதுல துகளே இல்ல சார். என் விரல்தான்."

அவர் காதில் விழவில்லை. குழாயை வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். துர்கா இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள்.