ஊரைவிட்டுப் போகக் கொடுத்த பணம்

வழக்குப் போடலாம் என்று முதலில் சொன்னது லூவீனியாதான், என் அக்கா இமோஜீன் அல்ல. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஏனென்றால் பின்னால் ஊரில் பேச்சு மாறிவிட்டது. இமோஜீன் டார்டன் வீம்புக்காரி என்றும், ஸ்ட்ரிக்லண்ட் வீட்டுப் பெண் லூவீனியாவையும் சேர்த்து வம்பில் இழுத்துவிட்டாள் என்றும் பேசிக்கொண்டார்கள். நடந்தது அதுவல்ல. லூவீனியா எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பேசியபோது நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

அது 1949. அலபாமாவில் எங்கள் ஊர் டெம்பிள்டன். அக்காவும் லூவீனியாவும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மேட்டுமேல் இருந்த எங்கள் கறுப்பர் கல்லூரியில் இருவரும் வேதியியல் படித்தார்கள். படித்து முடித்ததும் அக்காவுக்கு எங்கள் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. லூவீனியா அவளுடைய மாமாவின் மருந்துக் கடைக்குப் போனாள். எங்கள் ஆட்கள் முன்வாசல் வழியாக நுழையக்கூடிய மருந்துக் கடை ஊரில் அது ஒன்றுதான். மாமாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவருக்குப் பிறகு மருந்து கலந்து கொடுக்கும் உரிமம் உள்ளவர் எங்களில் யாரும் இல்லை. இரண்டு பேருக்குமே மருந்தாளர் படிப்பின் மேல் கண் இருந்தது. அப்பா அவர்கள் இருவரையும் "மாத்திரைக்காரிகள்" என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் மாநிலத்தில் மருந்தாளர் படிப்பு இருந்தது வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் மட்டும். எங்களில் யாராவது அதைக் கேட்டால் மாநில அரசு ஒரு காரியம் செய்தது. வடக்கே வேறு மாநிலத்தில் போய்ப் படி, கூடுதலாகும் கட்டணத்தையும் ரயில் செலவையும் நாங்கள் கொடுக்கிறோம் என்றது. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைத்திருந்தார்கள். எத்தனையோ பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பல் டாக்டர்கூட அப்படிப் படித்து வந்தவர்தான். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

அந்த வருஷம் பர்மிங்ஹாமிலிருந்து கிரியர் என்ற வக்கீல் எங்கள் தேவாலயத்துக்கு வந்து பேசினார். எங்களவர். குட்டையாக, எப்போதும் வியர்த்துக்கொண்டிருப்பார். இப்படி வெளியே அனுப்பிக் கைகழுவுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றமே முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது, ஆனால் கேட்க ஆள் இல்லாதவரை இவர்கள் நிறுத்தப் போவதில்லை, அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கேதான் படிப்பேன் என்று நிற்க ஒருத்தர் வேண்டும் என்றார்.

மறுநாள் மாலை லூவீனியா வந்தாள்.

"நீ வந்தா நான் வர்றேன்டி. தனியா நிக்க எனக்குத் தைரியம் கிடையாது," என்றாள்.

அக்கா யோசித்தாள். "உனக்கென்ன, உங்க மாமா கடை இருக்கு. எனக்குச் சம்பளம் குடுக்கிறதே அந்தக் கவர்மென்ட்காரங்கதான். என் பேரு பேப்பர்ல வந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டுமே. மாமா கடையில என் பக்கத்துல வந்து நில்லு. நீ மாத்திரையை எண்ணிக் குடு, நான் சிரிச்சுக் குடுக்கிறேன். உன் மூஞ்சியைப் பார்த்தா வந்தவனுக்கு வியாதி கூடிடும்."

அக்கா சிரித்துவிட்டாள். ஒரு வாரம் தயங்கினாள், அப்புறம் சரி என்றாள்.

இருவரும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். எதிர்பார்த்தபடியே இடமில்லை என்று பதில் வந்தது, வெளிமாநில உதவித்தொகைக்கு எழுதிக் கேட்கலாம் என்ற யோசனையோடு. கிரியர் வழக்குப் போட்டார். லூவீனியாவின் பெயரை முதலில் வைத்தார். அதற்குக் காரணம் இருந்தது. பல்கலைக்கழகம் கேட்ட பாடங்களில் இயற்பியலும் ஒன்று. எங்கள் கல்லூரியில் அதற்கான கருவிகள் இல்லாததால் அதைக் கற்றுத்தரவில்லை. லூவீனியாவை மட்டும் மாமா செலவு செய்து ஒரு கோடைக்காலம் வெளியூர் அனுப்பி அதைப் படிக்க வைத்திருந்தார். ஆக அவள்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அக்காவின் பெயர் அவளுக்குத் துணையாக நிற்கும், அவ்வளவுதான் என்று கிரியர் ஒளிக்காமல் சொன்னார்.

மே மாதம் பள்ளி நிர்வாகம் அக்காவை அடுத்த ஆண்டுக்கு வேலைக்கு எடுக்கவில்லை. செய்தி கேட்டு அக்கா அழவில்லை. லூவீனியாதான் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் மாமா கடையில் வேலை என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. அக்காவே ஒருமுறை கேட்டதற்கு, கொஞ்ச நாள் போகட்டும் என்று மாமா சொல்கிறார் என்றாள். அக்கா நான் வேலை செய்த சலவைக் கூடத்துக்கு என்னோடு வந்து இஸ்திரிப் பலகை முன்னால் நின்றாள். அவளிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் அங்கே வேலை செய்தார்கள். அவர்கள் அவளை அப்போதும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, குத்தியதா என்று எனக்குத் தெரியாது.

விசாரணை செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை. முந்திய நாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து லூவீனியா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அம்மா கோழி வறுத்து, பீச் பழம் வைத்து இனிப்புப் பணியாரம் சுட்டிருந்தாள். லூவீனியா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் என்னென்ன கேட்பான் என்று நான் கேட்க, இரண்டு பேரும் பதில் சொல்லிப் பழகினார்கள். அம்மா இருவர் தலையிலும் கை வைத்து ஜெபம் செய்தாள். கிளம்பும்போது லூவீனியா, "காலையில வந்து கூட்டிட்டுப் போங்க, நான் ரெடியா இருப்பேன்," என்றாள்.

காலையில் கிரியர் காரோடு வந்தார். ஸ்ட்ரிக்லண்ட் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அக்காவும் நானும் உள்ளே போனோம். மாமாவின் மனைவி, லூவீனியாவின் அத்தை செலஸ்டின் அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ போயிட்டா, இமோஜீன்," என்றாள்.

"கோர்ட்டுக்கா? எங்ககூடத்தானே வர்றதா சொன்னா?"

"சிகாகோவுக்கு. நேத்து ராத்திரி வண்டியில. கவர்மென்ட் பணம் குடுத்திருக்கு. அங்க காலேஜ்ல இடமும் ஆயிடுச்சு."

அக்கா "எங்க வீட்ல சாப்பிட்டுட்டுத்தான் போனாளா?" என்று கேட்டாள். அத்தை கொஞ்சம் காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றாள்.

காரில் ஏறியதும் நான்தான் கிரியரிடம் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, நீயும் வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னார். அவள் வண்டியை எடுக்கச் சொன்னாள்.

நீதிமன்றத்தில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் மனுதாரர் மாநிலத்தின் உதவியை மனமுவந்து ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றார் அரசு வக்கீல். இரண்டாம் மனுதாரருக்கு இயற்பியல் இல்லை. நிறம் எதுவானாலும் அவருக்கு இடம் கிடைத்திருக்காது என்றார். நீதிபதி வழக்கைத் தள்ளினார். அக்கா இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பதில்களை யாரும் அவளிடம் கேட்கவே இல்லை. வெளியே வந்ததும் கிரியர் ஒன்று சொன்னார். ஒரு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் வேறு ஊரில் இன்னொரு பையன் தயாராக இருந்தான், அவனைச் சேர்த்திருப்பேன் என்றார். அக்கா அதைக் கேட்டுத்தான் படியில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் எங்கள் கல்லூரித் தலைவர் டாக்டர் மேபின் வீட்டுக்கு வந்தார். அக்காவுக்கும் லூவீனியாவுக்கும் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, உனக்கும் அதே உதவித்தொகை வாங்கித் தருகிறேன், மேல்மட்டத்தில் பேசிவிட்டேன் என்றார். லூவீனியாவுக்கு ஏற்பாடு செய்தது யார் என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

அக்கா கேட்டாள்: "எங்க ரெண்டு பேர்ல அவகிட்ட ஏன் சார் முதல்ல போனீங்க?"

"உன்கிட்ட வந்தா நீ முடியாதுன்னு சொல்லுவே. எனக்குத் தெரியும்."

"அப்போ இப்ப ஏன் வந்திருக்கீங்க?"

"இப்ப உனக்கு வேற வழி இல்லையேம்மா," என்றார் அவர். அதைக் கனிவாகத்தான் சொன்னார். இந்த மாநிலத்தில் ஒரு கறுப்பர் கல்லூரியை மூடாமல் நடத்துவது என்ன பாடு என்று உனக்குத் தெரியாது, எனக்கு நானூறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மறு ஆண்டே மேட்டுமேல் மாநில அரசின் பணத்தில், செங்கல்லில் புதிய அறிவியல் கட்டடம் எழும்பியது. அதில் இயற்பியல் கூடமும் இருந்தது.

அக்கா ஒரு வருஷம் பிடிவாதமாக இருந்தாள். எங்கள் மாவட்டத்திலோ பக்கத்திலோ எந்தப் பள்ளியும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. சலவைக் கூடத்து நீராவியில் அவள் கைகள் வெந்து தோல் உரிந்தன. தேவாலயத்தில் சிலர், அந்தப் பெண் புத்திசாலி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று எங்கள் காதுபடப் பேசினார்கள். கடைசியில் ஒருநாள் அக்காவே மேட்டுமேல் நடந்துபோய் மேபின் நீட்டிய உதவித்தொகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அப்பா அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியபின் அவளை மாத்திரைக்காரி என்று சொல்வதை விட்டுவிட்டார்.

எங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் மருந்தாளர் கல்லூரிகள் அதிகமில்லை. சிகாகோவில் அவளுக்குக் கிடைத்ததும் லூவீனியா படித்துக்கொண்டிருந்த அதே கல்லூரிதான்; விடுபட்ட இயற்பியலை அங்கேயே படித்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே நடந்ததை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

முதல் நாளே ஆய்வுக்கூடத்துக்கு வெளியே லூவீனியா காத்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாளாம். மாநிலத்துப் பணம் கட்டணத்துக்குத்தான் சரியாக இருந்தது; அறை வாடகைக்கு இரவில் ஏதோ அலுவலகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். என் அறையிலேயே தங்கிக்கொள், உனக்காகக் கட்டில் கேட்டு வைத்திருக்கிறேன் என்றாள்.

அக்கா கேட்டாள்: "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை எங்கம்மா நம்ம தலையில கை வச்சு ஜெபம் பண்ணாளே, அப்பவே டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. கைப்பையில இருந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"ஜூலையிலேர்ந்து மேபின் சார் பேசிட்டிருந்தாரு. மாமா கடைக்கு இனிமே சரக்கு அனுப்ப மாட்டோம்னு மருந்துக் கம்பெனிக்காரங்க மிரட்டினாங்கடி. கடையை மூடிட்டா நம்ம ஜனம் எங்க போகும்?"

"அதை என்கிட்டச் சொல்லியிருந்தா, போயிட்டு வாடின்னு சொல்லியிருப்பேன். கிரியர் வேற ஆளைப் பார்த்திருப்பாரு."

"நீ விட்டிருக்க மாட்டே."

"விட்டிருப்பேன். நீ என்னைக் கேக்கவே இல்லை."

லூவீனியாவுக்கு அப்போது கோபம் வந்ததாம். "இப்ப நீ மட்டும் யாரு பணத்துல வந்திருக்கே?" என்றாள்.

"அதே பணம்தான்," என்றாள் அக்கா. "நீ எனக்குன்னு மிச்சம் வச்சது அது ஒண்ணுதான்."

அந்தக் கட்டிலில் அவள் தங்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரே கூடத்தில் வேலை செய்தும் எடையும் அளவும் தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் இருக்கவில்லை. அக்கா அங்கேயே ஒரு மருத்துவமனையில் மருந்தாளராகச் சேர்ந்து அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். எங்கள் மாநிலம் அவளை வெளியே அனுப்பவே பணம் கொடுத்தது, அவள் திரும்பி வரவில்லை.

லூவீனியா திரும்பி வந்தாள். மாமாவின் கடையை எடுத்து நடத்தினாள், நன்றாகவே நடத்தினாள். பணமில்லாதவர்களுக்குக் கடனில் கொடுத்தாள். நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்தாள். தேவாலயத்தில் அவளுக்கு முன்வரிசை. அம்மாவுக்கு இதயக் கோளாறு வந்தபோது அவள் கடை மருந்து வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். வெள்ளைக்காரன் கடையின் பின்புற ஜன்னலில் நின்று வாங்கி வந்துகொண்டிருந்தேன். மழையில் ஒருநாள் வெகுநேரம் நிற்க வைத்தார்கள். அக்காவுக்கு எழுதினேன். லூவீனியாவிடமே வாங்கு, மருந்து விஷயத்தில் அவள் தப்புச் செய்யமாட்டாள் என்று பதில் எழுதியிருந்தாள்.

போனேன். லூவீனியா மாத்திரைகளை எண்ணி, சிறு புட்டியில் போட்டு, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு தலை நிமிராமல், "இமோஜீன் என்னைப் பத்தி ஏதாவது எழுதுவாளா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன். அது பொய்தான். அம்மாவிடம் அந்த மருந்து எந்தக் கடையிலிருந்து வருகிறது என்றும் நான் கடைசிவரை சொல்லவில்லை.