ஆற்றோரத்து ஒய்.பி.

மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஆற்றை ஒட்டியிருந்த கடைவரிசையில் குகதாசனின் டயர் கடைதான் கடைசி. அடுத்த கொட்டகையில் ரமணி காலையில் தோசையும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் விற்றாள். அதற்கப்பால் ஹைதரின் சைக்கிள் பட்டறை. ஆறு பெருகிக் கடைகளுக்குள் புகுந்தாலும், எதிரேயிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றாலும், அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சத்தம் போடுகிற ஆள் குகதாசன்தான்.

அதற்காகத்தான் சட்டமன்றத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சி அவரைத் தேடி வந்தது. மனைவி பிரியந்திக்கு விருப்பமில்லை. ரமணியோ தேர்தல் முடியும்வரை கடையை மூடிவிட்டு, அடுக்குமாடியில் மாடி மாடியாக ஏறி ஓட்டுக் கேட்டாள்.

"இந்த வரிசைய யாரும் தொட முடியாது. நான் இருக்கேன்," என்று கடைசிக் கூட்டத்தில் குகதாசன் சொன்னபோது ஹைதர் விசிலடித்தார்.

ஜெயித்தார். குமாஸ்தாவாக ஓய்வு பெற்ற அவருடைய அப்பாவுக்கு மகன் கையில் கிரீஸ் படிவதே அவமானம். அவரும் அன்றைக்குத்தான் முதன்முறையாக டயர் கடைக்குள் கால் வைத்தார்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. சட்டமன்றத்தில் பேசினார். லிஃப்ட் ஓடியது. போகிற இடமெல்லாம் ஆட்கள் எழுந்து நின்று "ஒய்.பி." என்றார்கள். மாண்புமிகு என்பதைக் குறிக்கும் அந்த மலாய் அழைப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு கடைவரிசை இருந்த ஆற்றோர நிலம் ஒரு கட்டுமான நிறுவனத்துக்குக் கைமாறியது. கட்சித் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"எதிர்த்துப் பேசினா அடுத்த தடவ சீட்டு கெடையாது. நீங்களே போய்க் கடைக்காரங்கள காலி பண்ணச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. புதுக் கட்டடத்துல கீழ்த்தளத்துலயே அவங்களுக்குக் கடை."

"எழுதித் தருவாங்களா?"

"நம்ம பேச்சு போதாதா, ஒய்.பி.?"

குகதாசன் இரண்டாவது முறை கேட்கவில்லை.

ரமணியின் கொட்டகையில் கடைக்காரர்கள் கூடினார்கள். "தடை வாங்கலாம்னு லாயர் சொல்றாரு. கோர்ட்டுக்குப் போயிரலாம்," என்றார் ஹைதர்.

"கோர்ட்டெல்லாம் வேணாம்லா, ஹைதர். கீழ்த்தளத்துல கடை உண்டு. நான் பேசிட்டேன்."

ரமணி அவர் முகத்தையே பார்த்தாள். "அண்ணே, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

காலி செய்யச் சம்மதித்து முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மற்றவர்களும் போட்டார்கள். டயர் கடையும் இடிபட்டது.

கட்டடம் எழுந்தது. கீழ்த்தளத்தில் கார் விற்கிறார்கள். பழைய கடைக்காரர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடியில், கார் நிறுத்துமிடத்தின் பின்புறம். தோசை சாப்பிட அங்கே யார் ஏறுவார்கள்? ஹைதர் பட்டறையை மூடிவிட்டு கெப்பாலா பத்தாஸிலிருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ரமணி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தாள். பிறகு அவளும் மூடினாள். குகதாசன் தலைவருக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

அடுத்த தேர்தல் வந்ததும் தலைவரே கூப்பிட்டார். "தொகுதியில உங்க மேல ரொம்பக் கோவம். ஆத்தோர விவகாரம். இந்தத் தடவ வேற ஆள் போடறோம்."

"நீங்க சொல்லித்தானே போனேன்!"

"போய்ப் பேசினது நீங்கதானே?"

புது வேட்பாளர் ஓர் இளம் வழக்கறிஞர். ஆற்றோர மக்களுக்கு நியாயம் கேட்பதாக அவர் மேடையில் முழங்கினார். குகதாசன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார். தட்டினால் ஏதாவது பதவி தருவார்கள் என்று நம்பினார். எதுவும் வரவில்லை.

"இப்பவாவது வேலையப் பாருங்க," என்றாள் பிரியந்தி. பழைய வேன் ஒன்றில் சாமான்களைப் போட்டுக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்குப் போய் டயர் மாற்றத் தொடங்கினார்.

ஒருநாள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை லாரிக்கு டயர் மாற்றிவிட்டு, சாப்பிட அங்கேயிருந்த கேன்டீனுக்குள் போனார். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் ரமணி. தலையில் வலைத்தொப்பி, கையில் பிளாஸ்டிக் உறை. தட்டை நீட்டியவரை நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்களுக்குப் போட்ட அளவே போட்டாள்.

"ரமணி, என்ன மன்னிச்சிரும்மா. என்னையும் ஏமாத்திட்டாங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. "வேற யாரு வந்து சொல்லியிருந்தாலும் கோர்ட்டுக்குப் போயிருப்போம், அண்ணே. நீங்க வந்து சொன்னதாலதான் காலி பண்ணினோம்."

அவர் தட்டோடு அப்படியே நின்றார்.

"தள்ளி நில்லுங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை வாங்கினாள்.