வாசலில் வேப்பிலை

டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை அம்சவேணிதான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"புது கிட்னியை என் உடம்பு எதிர்க்காம இருக்கத்தான் இந்த மாத்திரை. அதனால எதிர்ப்பு சக்தி குறைஞ்சுடும்."

"நல்லதாப் போச்சு. இனிமேலாவது எதிர்த்துப் பேசாம இருப்பே" என்றாள் தாயம்மாள். கிட்னியைக் கொடுத்தவளே அவள்தான். கேலி பேச உரிமை உண்டு.

ஆனால் விஷயம் விளையாட்டில்லை. அடுத்தவர் மூக்குச் சளி ஒட்டினால்கூட அம்சவேணியைச் சாய்த்துவிடும். அக்கம்பக்கத்து மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது? நலம் விசாரிக்காவிட்டால் தெய்வக்குத்தம். ஆரஞ்சுப் பழமும் தும்மலுமாக வந்தார்கள். "குடும்பத்துலயே மொத பி.ஏ., உனக்கா இப்படி?" என்று மூக்கைச் சிந்தினார்கள். சிந்திய கையாலேயே பழத்தை உரித்து ஊட்ட வந்தார்கள்.

"யாரையும் உள்ளே விடாதேம்மா."

"வந்தவங்கள வாசல்ல நிறுத்தறதா? உன் காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தானா?"

சனிக்கிழமை ராஜாத்தி அத்தை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அத்தை பஸ் ஸ்டாப்பில் இருமினால் இவர்கள் சமையலறையில் கேட்கும். அன்று அந்த இருமல் கேட்டதுமே அம்சவேணி எழுந்தாள். பால்கனிப் பக்கம் வளைந்திருந்த கிளையிலிருந்து வேப்பிலையை ஒடித்து வாசல் நிலையில் செருகினாள். அம்மை கண்ட வீட்டுப் படியை எவரும் மிதிக்கமாட்டார்கள்.

தாயம்மாள் பதறிப்போனாள். "அடிப்பாவி! அம்மன் பேர்லயா பொய் சொல்றே? கண்ணு அவிஞ்சுடும்டி!"

"என்ன பொய்? உன் கிட்னி இப்ப எங்கே இருக்கு?"

"உன் வயித்துல."

"அப்ப என் உடம்புல அம்மா இருக்காளா, இல்லையா?"

தாயம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் இருமல் மாடிப்படி ஏறி வந்துவிட்டது.

வேப்பிலையைப் பார்த்ததும் அத்தை கடைசிப் படியிலேயே நின்றாள். "என்ன அண்ணி இது?"

தாயம்மாள் விலாவில் இருந்த தையல் தழும்பைத் தடவியபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "ஆமா ராஜாத்தி. பொண்ணு உடம்புல அம்மா வந்திருக்கா."

"தாயே, மகமாயி!" அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஜல்தி எறங்கட்டும்னு வேண்டிக்கறேன் அண்ணி."

"எறங்கறதா!" தாயம்மாளுக்கு வந்ததே கோபம். "உன் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க! எறங்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் போடி!"