நாலாவது கேள்வி

எனக்கு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அப்படிச் செய்தேன். வேறு காரணம் எதையாவது ஜோடித்துச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

1988, ஆடி மாதம். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நான் நர்ஸ். ஜெயபாய் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, கத்துற நர்ஸம்மா என்றால் காட்டிவிடுவார்கள். மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்து ஒரு கட்டுப் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கு மோசமான களைப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆளுக்கு ஏழு கேள்வி. நாலு 'ஆமாம்' வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் பார்க்க வேண்டும், பதினைந்து நாள் ஓய்வு. தனித்தனியாகக் கேளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

பேண்டேஜ் சுற்றுவது ஜோடி வேலை. ஒருத்தி துணியை இழுத்துப் பிடிப்பாள், எதிரே நிற்பவள் கைப்பிடியைச் சுற்றுவாள். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவளுக்கும் அன்றைக்கு மேஜை கிடையாது, கூலி கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, என்னிடம் மாத்திரைக்கு வருவது எல்லாம் ஜோடியாகவே. நானும் ஜோடியாகவே கூப்பிட்டுக் கேட்டேன். பாதி நேரம் மிச்சம்.

அழகுத்தாயும் சுந்தரம்மாளும் கடைசியாக வந்தார்கள்.

"வேல பாக்கையில கண்ணு இருட்டுதா?"

"இல்ல நர்ஸம்மா. எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. கல்லு மாரி இருக்கோம்," என்றாள் சுந்தரம்மாள்.

"ஏட்டி, ஓங்கிட்ட மட்டுமா கேட்டேன்? அவ வாயில என்ன பேண்டேஜா போட்டிருக்கு?"

அழகுத்தாய் சிரித்தாள். "அவ சொல்றதுதான் எனக்கும்."

நாலாவது கேள்வி, தூங்கி எழுந்த பிறகும் களைப்பு இருக்கிறதா என்பது. அழகுத்தாய் சுந்தரம்மாளைப் பார்த்தாள். சுந்தரம்மாள் தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் இல்லை என்றார்கள். அழகுத்தாயின் உதடு அவள் சுற்றுகிற துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. கண்ணுள்ள யாருக்கும் தெரியும். நான் ஏழு இடத்திலும் 'இல்லை' என்று போட்டேன். சொன்னதை அப்படியே எழுதவும் என்றுதான் பேப்பரில் இருந்தது. எழுதினேன், ரொம்ப ஒழுங்கானவள் நான்.

பஸ் நிறுத்தத்தில் நின்றேன். எதிர்ப்பக்கம் தளவாய்புரம் பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய அழகுத்தாய் ரோட்டைத் தாண்டி வந்தாள். பத்தடி ரோடு. அதற்கே அவளுக்கு மூச்சு இரைத்தது.

"நர்ஸம்மா, அந்த நாலாவத மறுபடி கேக்கீயளா? தனியா."

"அங்கன வச்சே சொல்றதுக்கென்ன ஒனக்கு?"

"சுந்தரம்மா பாவம். மூணு புள்ளைக, புருசனும் படுத்த படுக்க. நான் ஓய்வுல போனா பதினஞ்சு நாளு அவ என்ன செய்வா? அவ மொகத்தப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்ல?" நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "ஆனா முடியல நர்ஸம்மா. எந்திரிக்கையிலயே பொழுது அடஞ்ச மாரி இருக்கு."

என் பஸ் வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்குப் போகிற கூட்டம் படியில் தொங்கியது. எனக்கு எரிச்சல்.

"இத ரோட்டுல வச்சா கேக்க முடியும்? பேப்பர பீரோவுல பூட்டியாச்சு. ரெண்டு நாள் லீவு முடிஞ்சு வாரேன்ல, மொத ஆளா ஒன்னத்தான் கேப்பேன்."

"சரி நர்ஸம்மா. செத்த நேரம் ஓங்கள நிக்க வச்சுட்டேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் திரும்ப ரோட்டைத் தாண்டவில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

லீவு முடிந்து சனிக்கிழமை வந்தபோது அவள் இல்லை. முந்தின நாள் மத்தியானம் மேஜையிலேயே சரிந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்றார்களாம்.

திங்கட்கிழமை மதுரை டாக்டர் பேப்பர்களை வாங்க வந்தார். நடந்ததைச் சொன்னேன், பஸ் நிறுத்தத்தில் நடந்ததையும் சேர்த்து. அவளுடைய பேப்பரை எடுத்து மேலிருந்து கீழே பார்த்தார். "அந்தம்மா சொன்னதைத்தானே எழுதினீர்கள்," என்றார். பாவி மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் சுந்தரம்மாள் வந்தாள். அவளைத் தனியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அம்புட்டுக்கும் நாந்தான நர்ஸம்மா முந்திக்கிட்டு பதில் சொன்னேன்."

எனக்குக் கத்த வரவில்லை. கதவைச் சாத்தினேன். அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். அதுவும் வெளுத்திருந்தது. புதுப் பேப்பர் எடுத்தேன். முதல் மூன்று கேள்விக்கும் இல்லை என்றாள். நாலாவதைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"சொல்லுட்டி. இங்கன யாருமில்ல."

"நாளைக்குப் புது ஜோடி வருது. எங்க தெரு கருத்தையா மக. சின்னப் பிள்ள, என்னைய நம்பித்தான் வருது. இல்லன்னே போடுங்க."

கெஞ்சினேன். திட்டினேன். மறுபடி முதலிலிருந்து ஏழு கேள்வியும் கேட்டேன். ஏழு தடவையும் இல்லை என்றாள். டாக்டர் சொன்ன மாதிரியே தனியாக, நிதானமாகக் கேட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

அன்றைக்கு என் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.